பரங்கிமலை முதல் பாரிமுனை வரை: சென்னையின் கல்லையும் கான்கிரீட்டையும் பார்க்கப் பழகுவது எப்படி?

சென்னைக்குப் புதிதாக வந்தவர்களும், இங்கேயே பிறந்து வளர்ந்தும் ஊரை நின்று பார்க்க நேரம் கிடைக்காதவர்களும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: பழைய கட்டடங்களைப் பார்க்க வேண்டுமென்றால் எங்கே தொடங்குவது? பெரும்பாலானோர் கோட்டையைச் சொல்வார்கள். நான் பரங்கிமலையைச் சொல்வேன். கோட்டைத் தூண்களுக்கும், மணலில் நின்ற கலங்கரை விளக்கத்துக்கும் கல் கொடுத்தது இந்த மலையும் இதையடுத்த பல்லாவரக் குன்றுகளும்தான். மலைக்குப் போகும் பாதை என்பதால்தான் அண்ணா சாலைக்கு மவுண்ட் ரோடு என்ற பழைய பெயர் வந்தது. நகரத்தின் நவீனக் கட்டடங்களில் முக்கியமானவையும் அந்தச் சாலையிலேயே எழுந்தன என்பதால், கல்லில் தொடங்கிக் கான்கிரீட்டில் முடியும் கதையை ஏறத்தாழ ஒரே சாலையைப் பற்றிக்கொண்டு படித்துவிடலாம். இதற்கு மூன்று காலைப் பொழுதுகள் போதும்.

முன்னேற்பாடு

மார்கழி, தை மாதங்களே நடப்பதற்கு ஏற்றவை. மற்ற மாதங்களில் காலை ஆறரை மணிக்குத் தொடங்கிப் பத்து மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். ஒரு குறிப்பேடு, பென்சில், அளவு நாடா, சிறிய கைவிளக்கு, அடையாள அட்டை ஆகியவை கையில் இருக்க வேண்டும். கைவிளக்கு எதற்கு என்று தோன்றலாம். தேய்ந்த கல்வெட்டின் மீது நேராக ஒளி விழுந்தால் எழுத்து தெரியாது. விளக்கைக் கல்லோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால் பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்துகள் எழுந்து நிற்கும். எழுத்தைத் தெளிவாக்குவதாக எண்ணிச் சுண்ணக்கட்டியால் தேய்ப்பதும், எண்ணெய் பூசுவதும், மாவு தூவுவதும் கல்லுக்குச் செய்யும் தீங்கு. அவற்றைச் செய்யவே கூடாது.

முதல் காலை: கல்லை அடையாளம் காணுதல்

பரங்கிமலைக்குப் புறநகர் மின்ரயிலிலும் மெட்ரோவிலும் வரலாம். மலையேறும் படிக்கட்டின் அருகே வெட்டுப்பட்டுக் கிடக்கும் பாறையை முதலில் பாருங்கள். புதிதாக உடைந்த முகத்தில் நீலங்கலந்த கருஞ்சாம்பல் நிறமும், எண்ணெய் தடவியது போன்ற ஒரு மினுக்கமும் தெரியும். வெயிலிலும் மழையிலும் நெடுங்காலம் கிடந்த முகம் பழுப்பேறியிருக்கும். நாம் பொதுவாகக் கருங்கல் என்று சொல்லிவிடும் இந்தப் பாறைக்கு நிலவியலார் வைத்த பெயர் சார்னோக்கைட். அந்தப் பெயரின் கதை வேடிக்கையானது. கொல்கத்தாவின் தோற்றத்தோடு பெயர் இணைத்துப் பேசப்படும் ஜாப் சார்னாக் 1690களில் இறந்தபோது அவருடைய கல்லறைக்குச் சென்னைப் பகுதியிலிருந்து கல் கொண்டு செல்லப்பட்டது. நிலவியலாளர் தாமஸ் ஹாலந்து 1893இல் அந்தக் கல்லறைக் கல்லை ஆராய்ந்து, சார்னாக்கின் பெயரையே பாறைக்கும் சூட்டினார். கல் நம்முடையது, பெயர் கல்லறைக்குச் சொந்தக்காரருடையது. இப்பாறை பரங்கிமலையில் தேசிய நிலவியல் நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டிருக்கிறது.

படிகளில் ஏறும்போது அந்தப் படிகளைப் பற்றியும் ஒரு சொல். இவற்றை அமைத்தவர் பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர். சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே 1726இல் பாலம் கட்டுவித்தவரும் அவரே. அந்தப் பாலம் இன்று இல்லை. அவ்விடத்தில் மறைமலை அடிகள் பெயரில் கான்கிரீட் பாலம் நிற்கிறது. பழைய பாலத்தைக் குறிக்கும் கல்வெட்டு மட்டும் சாலையோரத்தில் தப்பியிருக்கிறது. திரும்பும் வழியில் அதைத் தேடிப் பார்ப்பது கண்ணுக்கு நல்ல பயிற்சி.

அடுத்து, மின்ரயிலில் இங்கிருந்து நான்காவது நிலையமான பல்லாவரம். இவ்வூரின் பெயர் தொல்லியல் உலகத்துக்குத் தெரிந்தது 1863இல்தான். அவ்வாண்டு மே மாதத்தில் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட் இங்கேயிருந்த சரளைக் குழியொன்றில் பழைய கற்காலக் கைக்கோடரி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியத் தொல்பழங்கால ஆய்வு அந்தக் கல்லில் தொடங்கியது என்பார்கள். கைக்கோடரி வேறு வகைக் கல். அது சார்னோக்கைட் அன்று, குவார்ட்சைட். இவ்வூர்க் குன்றின் சரிவில் ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த மகேந்திரவர்மனின் குடைவரையும் இருக்கிறது. அரசனின் விருதுப் பெயர்கள் பொறிக்கப்பட்ட அந்தக் குடைவரை இன்று இசுலாமியர்களின் வழிபாட்டிடமாக விளங்குகிறது. அங்கே போகிறவர்கள் பொறுப்பில் இருப்பவர்களிடம் முதலில் கேட்டுவிட்டு, செருப்பைக் கழற்றி வைத்து, வழிபடுவோருக்கு இடையூறு இல்லாமல் பார்க்க வேண்டும். படம் எடுப்பதும் அவர்கள் ஒப்பினால்தான்.

இங்கே பழக வேண்டிய பார்வை ஒன்று உண்டு. கைவிடப்பட்ட பாறை விளிம்புகளில் ஒரே வரிசையில், ஏறக்குறைய சமமான இடைவெளியில், சிறு சிறு குழிகள் தெரியும். அவை ஆப்புக் குழிகள். கல் தச்சர்கள் உளியால் குழி வெட்டி, அவற்றில் ஆப்புகளை இறக்கி, வரிசையாகத் தட்டிக்கொண்டே போவார்கள். பாறை அந்தக் கோட்டிலேயே பிளக்கும். பிளந்த முகத்தைப் பிறகு உளியால் பொளிந்து சமப்படுத்துவார்கள். பொளிந்த புள்ளிகள் நெருக்கமாக இருந்தால் மெனக்கெட்ட வேலை என்றும், பரவலாக இருந்தால் அடித்தளத்துக்கோ மதிலுக்கோ ஆன வேலை என்றும் ஓரளவுக்குக் கணிக்கலாம். இந்தக் கணிப்பு மறுநாள் கோட்டையில் கைகொடுக்கும்.

இரண்டாம் காலை: எது கல், எது கல் போன்றது

உயர் நீதிமன்ற மெட்ரோ நிலையத்தில் இறங்குங்கள். புதியவர்கள் அனைவரும் செய்யும் பிழையை நானும் பல ஆண்டுகளுக்கு முன் இங்கேதான் செய்தேன். 1892இல் திறக்கப்பட்ட உயர் நீதிமன்றக் கட்டடத்தின் சிவப்பைப் பார்த்து அது செங்கல் என்று தெரியாமல், ஏதோ செந்நிறக் கல் என்று குறிப்பேட்டில் எழுதி வைத்தேன். சென்னையில் பழைய கட்டடம் என்றால் பெரும்பாலும் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும்தான். கல் அரிதாகவும், காரணத்தோடும் பயன்பட்டது. வெள்ளை வெளேரென்று நிற்கும் தூண்களும் பெரும்பாலும் சலவைக்கல் கிடையாது. கிளிஞ்சலைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பை அரைத்து, பல அடுக்குகளாகப் பூசி, கடைசியில் வழுவழுப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றிய பூச்சு அது. முட்டை வெள்ளைக்கருவும் அந்தக் கலவையில் சேர்ந்ததாகப் பழைய குறிப்புகள் சொல்கின்றன. நன்றாக மெருகேறிய சென்னைச் சுண்ணப் பூச்சைப் பளிங்கு என்று எண்ணி ஏமாந்த வெளிநாட்டுப் பயணிகள் பலர்.

ஐயம் வந்தால் தட்டிப் பார்க்க வேண்டாம். பூச்சு உதிர்ந்த மூலையையோ, மழைநீர்க் குழாய் நுழையும் இடத்தையோ தேடுங்கள். உள்ளே இருப்பது செங்கல்லா கல்லா என்பது தானே தெரிந்துவிடும். அண்ணாந்து பார்த்தால் கூரையையும் படிக்கலாம். தேக்கு உத்தரங்களின் மேல் குறுகலான செங்கற்களைச் செங்குத்தாக நிறுத்திச் சுண்ணாம்பில் பிடித்த தளத்துக்கு மட்டப்பா என்று பெயர். ‘மெட்ராஸ் டெரஸ்’ என்று பொறியாளர்கள் சொல்வதும் இதைத்தான். உத்தரம் தெரிந்தால் மட்டப்பா என்றும், அடிப்புறம் வழவழவென்று ஒரே பரப்பாக இருந்தால் கம்பி கட்டிய கான்கிரீட் என்றும் முதற்கட்டமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது நீதிமன்ற வளாகத்திலுள்ள பழைய கலங்கரை விளக்கம். கிரேக்கக் கோயில் தூணைத் தனியே பெயர்த்து வைத்தது போல நிற்கும் இது 1844 முதல் 1894 வரை பணியாற்றியது. பல்லாவரத்துக் கல்லால் ஆனது, உயரம் ஏறத்தாழ 125 அடி. நேற்று பார்த்த கருநீலம் இங்கே எங்கெல்லாம் தெரிகிறது என்று பாருங்கள். வளாகத்துக்குள் செல்வதற்கு வேலை நாட்களில் கட்டுப்பாடு உண்டு. காவலர் அனுமதிக்கும் எல்லையைத் தாண்ட வேண்டாம். வெளியிலிருந்தும் இதன் பெரும்பகுதி தெரியும்.

கலங்கரை விளக்கங்களையே ஒரு நூலாகப் பிடித்துக்கொண்டால் நகரத்தின் கட்டுமான வரலாறு எளிதில் நினைவில் நிற்கும். முதல் விளக்கு 1796இல் கோட்டைக்குள், இன்று அருங்காட்சியகமாக இருக்கும் கட்டடத்தின் உச்சியில் ஏற்றப்பட்டது, செங்கல்லும் சுண்ணாம்பும். இரண்டாவது இந்தக் கல் தூண். மூன்றாவது 1894இல் உயர் நீதிமன்றத்தின் உயர்ந்த கோபுரத்துக்குப் போனது; மீண்டும் செங்கல். நான்காவது 1977இல் மெரினாவில் எழுந்தது. முக்கோண வடிவம், மின்தூக்கி, முழுக்கக் கான்கிரீட். நான்கும் இன்னமும் நிற்கின்றன, நான்கையும் ஒரே காலையில் பார்த்துவிடலாம்.

புனித ஜார்ஜ் கோட்டைக்குள் நுழைய அடையாள அட்டையும் பை சோதனையும் தேவை. தலைமைச் செயலகமும் இராணுவப் பகுதியும் இருப்பதால் படமெடுக்கும் முன் கேட்டுவிடுவது நல்லது. அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. உள்ளே இரண்டு இடங்களுக்கு நேரம் ஒதுக்குங்கள். ஒன்று, சட்டமன்றக் கட்டடத்தின் கரிய தூண்கள். 1730களில் கடல் வாயிலுக்கும் கோட்டைக்கும் இடையே நிழல்நடையாக நிறுத்தப்பட்டிருந்த பல்லாவரக் கல் தூண்கள் இவை. 1746இல் கோட்டையைப் பிடித்த பிரெஞ்சுக்காரர்கள் இவற்றைக் கழற்றிப் புதுச்சேரிக்குக் கொண்டு போனார்கள். 1761இல் புதுச்சேரி வீழ்ந்ததும் ஆங்கிலேயர்கள் திரும்ப எடுத்து வந்தார்கள். போரில் பொன்னைக் கொள்ளையிடுவதைக் கேட்டிருக்கிறோம். இங்கே கனமான கல் தூண்களைக் கப்பலேற்றும் அளவுக்கு அவற்றின் மேல் ஆசை இருந்திருக்கிறது. இன்னொன்று, 1680இல் திறக்கப்பட்ட புனித மரியாள் ஆலயம். நான்கடிப் பருமனுள்ள சுவர்களும், மரமே சேராத வளைவுக் கூரையும் பீரங்கிக் குண்டுகளை நினைத்துக் கட்டப்பட்டவை. ஆலயத்தைச் சுற்றித் தரையில் பாவியிருப்பவை கல்லறைக் கற்கள். இன்றைய சட்டக் கல்லூரி இருக்கும் இடத்தில் இருந்த பழைய இடுகாட்டிலிருந்து, பிரெஞ்சு முற்றுகைக்குப் பின் இங்கே பெயர்த்துக் கொண்டுவரப்பட்டவை அவை. நெடுங்காலமாகப் பட்ட காலடிகளால் எழுத்து தேய்ந்திருக்கிறது. கைவிளக்கை இங்கே எடுங்கள். ஆங்கிலம், இலத்தீன், போர்த்துகீசியம், ஆர்மீனியம் என்று மொழிகள் மாறி மாறி வரும்.

கல்லில் ஆர்வம் மிகுந்தவர்கள் நுங்கம்பாக்கத்துக்கும் ஒரு பயணம் வைத்துக்கொள்ளலாம். கல்லூரிச் சாலையிலுள்ள வானிலை மைய வளாகத்தில் 1792ஆம் ஆண்டின் கருங்கல் தூண் ஒன்று இருக்கிறது. வான் ஆய்வுக் கூடத்தின் தொலைநோக்கியைத் தாங்கிய தூண் அது. தமிழிலும் தெலுங்கிலும் கூட எழுத்து பொறித்திருக்கிறார்கள். இந்தத் தூணை வைத்து அளந்த நெடுவரையிலிருந்துதான் (தீர்க்கரேகை) ரயில்வே ஒரு காலத்தில் பயன்படுத்திய ‘மெட்ராஸ் நேரம்’ பிறந்தது. அந்த அளவைக் கணித்த ஜான் கோல்டிங்ஹாம்தான் 1802இல் விருந்து மண்டபத்தையும் கட்டினார். இன்று அதை இராஜாஜி மண்டபம் என்கிறோம். வளாகம் அலுவலகம் என்பதால் முன்கூட்டியே எழுதிக் கேட்டு அனுமதி பெற்ற பிறகே போங்கள்.

மூன்றாம் காலை: கான்கிரீட்டைப் படித்தல்

பழைய கல்லைப் பார்க்கத் துணிவு தேவையில்லை, யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். அறுபது ஆண்டு வயதுள்ள ஓர் அலுவலகக் கட்டடத்தை நின்று பார்த்தால் காவலாளி வந்து யாரைத் தேடுகிறீர்கள் என்பார். பொறுமையாகப் பதில் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள்.

பாரிமுனையில் டேர் ஹவுஸிலிருந்து தொடங்கலாம். 1940இல் எழுந்த இந்தக் கட்டடம் ஆர்ட் டெக்கோ பாணிக்கு நல்ல எடுத்துக்காட்டு. மூலையை வெட்டாமல் வளைத்துக் கொண்டுபோவதும், சன்னல்களை ஒரே பட்டையாக இழுத்துவிடுவதும், கூரை விளிம்பில் படிப்படியாக ஏறும் வடிவங்களும், கட்டடத்தின் பெயரையே அலங்காரமாக்குவதும் அந்தப் பாணியின் அடையாளங்கள். நேதாஜி சுபாஷ் சந்திரபோஸ் சாலையில் தொடர்ந்து நடந்தால் 1930களின் இன்னொரு கட்டடத்தை, ஆர்மீனியன் தெரு முனையில் எல்.எம். சித்தாலே வடிவமைத்த ஓரியன்டல் காப்பீட்டுக் கட்டடத்தைப் பார்க்கலாம். அதில் புதிய பாணியோடு இந்தியக் கூறுகளும் கலந்திருக்கும். கூட்டமும் கைவண்டிகளும் மிகுந்த தெரு. எதிர்ப்பக்க நடைபாதையிலிருந்து பார்த்தால்தான் மேல்மாடிகள் தெரியும்.

சித்தாலே என்ற பெயரை நினைவில் வைத்துக்கொண்டு அண்ணா சாலைக்கு வாருங்கள். எல்.ஐ.சி. மெட்ரோ நிலையத்தில் இறங்கி, சாலையின் எதிர்ப்புறத்தில் நில்லுங்கள். எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் தம்முடைய யுனைடெட் இந்தியா காப்பீட்டு நிறுவனத்துக்காகத் திட்டமிட்ட கட்டடம் இது. 1954இல் சிங்கப்பூரில் நடந்த விமான விபத்தில் அவர் இறந்தார், 1956இல் ஆயுள் காப்பீடு நாட்டுடைமையானது, கட்டடம் எல்.ஐ.சி.யின் கைக்கு வந்தது. இலண்டன் கட்டடக் கலைஞர்களான பிரௌனும் மூலினும் தொடங்கிய பணியை, அவர்கள் விலகிய பின் முடித்தவர் அதே சித்தாலே. 1959 ஆகஸ்டில் அப்போதைய நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் திறந்து வைத்தபோது 177 அடி உயரத்தோடு நாட்டிலேயே உயர்ந்த கட்டடமாக இது இருந்தது. ஊரிலிருந்து வந்தவர்கள் கடற்கரையையும் எல்.ஐ.சி.யையும் பார்த்துவிட்டுப் போன காலம் ஒன்று இருந்தது.

இங்கே என்ன பார்க்க வேண்டும்? சுவர் எடை தாங்காது என்பதை முதலில் உணர வேண்டும். நேற்றைய ஆலயத்தில் கூரையைச் சுமக்க நான்கடிச் சுவர் தேவைப்பட்டது. இங்கே எடை முழுவதும் தூண்களிலும் உத்தரங்களிலும் இறங்குவதால் சுவர் வெறும் திரையாகிவிட்டது. அதனால்தான் முகப்பு முழுவதையும் சன்னல்களுக்கு விட்டுக்கொடுக்க முடிந்தது. அப்படி விட்டதால் வெயில் உள்ளே வரும். அதைத் தடுக்கவே செங்குத்துப் பட்டைகள். சென்னையின் நவீனக் கட்டடம் எதைப் பார்த்தாலும் வெயிலுக்கு அது என்ன பதில் சொல்கிறது என்று தேடுங்கள்: சன்ஷேடா, பட்டையா, ஜாலி எனப்படும் துளைத் தடுப்பா, முன்தள்ளிய தாழ்வாரமா? பதிலே இல்லாமல் கண்ணாடி மட்டும் இருந்தால் அது நம் காலத்துக் கட்டடம்.

நோயை அறியவும் பழக வேண்டும். கடற்காற்றின் உப்பு கான்கிரீட்டுக்குள் நாளடைவில் ஊடுருவி இரும்புக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் கேட்பதால் உள்ளிருந்தே நெருக்கிப் பூச்சைப் பெயர்த்துத் தள்ளும். சன்ஷேடின் அடிப்புறத்தில் கம்பிக்கு நேராகக் கோடு போல விரிசலும் பழுப்புக் கறையும் தெரிந்தால் அதுதான் தொடக்கம். கல் தூணுக்கு இந்தக் கவலை கிடையாது. கான்கிரீட் கட்டடத்தைத் தொடர்ந்து பராமரிக்காவிட்டால், ஐம்பது அறுபது ஆண்டில் ‘பழுதடைந்தது’ என்ற முத்திரை குத்தி இடித்துவிடுவது எளிதாகிறது. இதே சாலையில் 1964இல் திறக்கப்பட்ட சஃபயர் திரையரங்க வளாகம் இன்று இல்லை.

சட்டமும் இவற்றுக்கு அரைகுறையாகவே துணை நிற்கிறது. 1958ஆம் ஆண்டின் மத்தியத் தொல்சின்னச் சட்டம் நூறாண்டு கடந்தவற்றையே கணக்கில் கொள்கிறது. அந்தக் கணக்கின்படி எல்.ஐ.சி. கட்டடம் 2059 வரை காத்திருக்க வேண்டும். அண்ணா சாலையிலேயே, 1897இல் கட்டப்பட்ட பாரத் காப்பீட்டுக் கட்டடம் இடிபடும் நிலைக்கு வந்து, வழக்கின் பயனாக 2010இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பால் காக்கப்பட்டது. அதன் பின் 2012இல் தமிழ்நாடு மரபுச் சின்ன ஆணையச் சட்டம் இயற்றப்பட்டது. நீங்கள் எடுக்கும் குறிப்புகளும் படங்களும் இத்தகைய சமயத்தில் சான்றாக உதவக்கூடும் என்பதால் அவற்றை ஒழுங்காக வைத்துக்கொள்வது முக்கியம்.

காலையை வள்ளுவர் கோட்டத்தில் முடியுங்கள். ஊரெங்கும் கான்கிரீட் எழுந்துகொண்டிருந்த 1976இல், திருவாரூர்த் தேரை மனத்தில் வைத்துக் கணபதி ஸ்தபதி இந்தக் கல் தேரை எழுப்பினார். தேர் கல், அதை ஒட்டிய பெரிய அரங்கம் நடுவில் தூணே இல்லாத கான்கிரீட். மாடத்தில் 1330 குறள்களும் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. முதல் நாள் பார்த்த ஆப்புக் குழியும் பொளிவும் தெரிந்தவருக்கு, மரத்தேரின் ஆணிகளையும் அச்சையும் கல்லில் எப்படிக் காட்டியிருக்கிறார்கள் என்பதைப் பார்க்கவே ஒரு மணி நேரம் போய்விடும். கல்லும் கான்கிரீட்டும் சந்திக்கும் இணைப்பை நான் ஒவ்வொரு முறையும் தேடிப் பார்ப்பதுண்டு. அரங்கத்தின் அளவும் தேரின் நுணுக்கமும் எனக்கு இன்னும் ஒட்டவில்லை. உங்களுக்கு வேறு மாதிரித் தோன்றலாம்.

பதிவு செய்யும் முறை

வீடு திரும்பிய அன்றே எழுதிவிட வேண்டும். ஒரு கட்டடத்துக்கு ஒரு பக்கம்: இடம், பார்த்த தேதி, அடிக்கல்லிலோ முகப்பிலோ பொறித்திருக்கும் ஆண்டு, பொருள், கூரை வகை, நிழலுக்கான ஏற்பாடு, பழுது. அடிக்கல்லில் இருப்பது தொடங்கிய ஆண்டா திறந்த ஆண்டா என்று பிரித்து எழுதுங்கள். இரண்டுக்கும் இடையே சில சமயம் ஆறேழு ஆண்டுகள் இருக்கும். கண்ணால் கண்டதையும், பிறர் சொல்லக் கேட்டதையும் வெவ்வேறு மையில் எழுதுவது என் வழக்கம். ஐயமானவற்றை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும் கன்னிமாரா நூலகத்திலும் சரிபார்க்கலாம். காப்பகத்தில் ஆய்வாளர்களுக்கான விண்ணப்பம் கொடுக்க வேண்டும்.

படங்களில் ஒன்றையாவது தெருவின் எதிர்ப்புறத்திலிருந்து, பக்கத்துக் கட்டடங்களும் மின்கம்பமும் தெரியும்படி எடுத்து, கோப்பின் பெயரிலேயே தேதியைச் சேர்த்துவிடுங்கள். அடுத்த ஆண்டு அதே இடத்தில் நின்று மறுபடி எடுக்க அந்த மின்கம்பம்தான் உதவும்.